தடுப்பூசிக்கு முன் பெற்றோர் சொல்ல வேண்டியவை

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். அதற்கு முன் பிள்ளைக்கு ஏதாவது டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்பதே அக்கேள்வி.

நல்ல கேள்விதான். பெற்ற பிள்ளையின் உடலில் ஓர் ஊசி போடப்படுவதற்கு முன் நாலு பேரிடம் விசாரிப்பது தாயின் கடமை. ஆனால், இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததால் நம் குடும்பங்களில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. சிலர், "எல்லா டெஸ்டும் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டு, போட வேண்டிய வயதையே தாண்டிவிடுகின்றார்கள். வேறு சிலரோ, பள்ளியிலிருந்து வரும் படிவத்தைப் படித்தும் பாராமல் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகின்றார்கள். முன்னவர்கள் தேவையில்லாததைத் தேடுகின்றார்கள். பின்னவர்கள் தேவையானதைச் சொல்லாமல் விடுகின்றார்கள். எனவே, இத்தடுப்பூசிக்கு முன் உண்மையில் எது தேவை, எது தேவையில்லை என்பதை இக்கட்டுரையில் சற்றுத் தெளிவாகப் பார்ப்போம்.

நோயும் தடுப்பூசியும்

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்போடு இணையும் இடமே கருப்பை வாய். அங்கே தோன்றும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா வேளைகளிலும் காரணமாயிருப்பது எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இந்த உண்மையைக் கண்டறிந்ததற்காக ஜெர்மன் நாட்டு அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வைரசில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரு வகைகள் மட்டுமே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

2022ஆம் ஆண்டுக்கான கணக்கீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் கண்டது; ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலுள்ள தாய்மார்கள். வைரஸ் உடலில் தங்கிப் புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல் ஆகின்றது. தடுக்கவும் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறொன்று அரிது.

முதல் தடுப்பூசி 2006ஆம் ஆண்டு உலகில் அறிமுகமானது. இந்தியாவில் 2008ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. புனே நகரின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவேக்' என்ற நம் நாட்டுத் தடுப்பூசிக்கு 2022ஆம் ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது. 2025 மார்ச்சில் தமிழக அரசின் வரவுசெலவுத் திட்ட அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

இத்தடுப்பூசியின் பயனும் இன்று கண்கூடாகத் தெரிகின்றது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசியைப் பெற்ற சிறுமியர் வளர்ந்து பெரியவர்களான பின் ஆய்வு செய்தபோது, அவர்களிடையே இப்புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளியானது.

ஏன் இவ்வளவு சிறு வயதில்?

9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்கே முதலில் போட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இதைக் கேட்டதும் சில பெற்றோர் முகம் சுளிக்கின்றார்கள். "இது உடலுறவால் பரவும் கிருமியாமே! எங்கள் பிள்ளையை ஒழுக்கமாகத்தானே வளர்க்கிறோம், அவளுக்கு எதற்கு?" என்று கேட்கின்றார்கள்.

இந்த வைரஸ் மிக மிகப் பரவலானது. கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். ஆகவே, நோய் வந்த ஒரு பெண்ணை ஒழுக்கம் தவறியவள் என்று எண்ணுவது பெரும் அநீதி. தடுப்பூசி என்பது வந்த கிருமியை விரட்டும் மருந்து அன்று. வருமுன் காக்கும் வேலி. வேலியைப் பயிர் முளைக்கும்போதே போட வேண்டும். அதோடு, சிறு வயதில் உடலின் எதிர்ப்புத் திறன் நன்றாகப் பெருகுவதால் குறைந்த ஊசிகளே போதுமானவையாகின்றன. இந்த ஊசி பெற்ற பிள்ளைகள் தவறான வழியில் செல்கின்றார்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தார்கள். அப்படி எதுவும் காணப்படவில்லை.

இன்னோர் ஐயமும் நம் மக்களிடையே உலவுகின்றது. இத்தடுப்பூசி கலைக்கப்பட்ட கருவின் செல்களிலிருந்து தயாரிக்கப்படுகின்றதா என்று சிலர் கேட்கின்றனர். இல்லை. செர்வாவேக், கார்டசில் ஆகியவற்றில் இருப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் வளர்த்தெடுக்கப்பட்ட புரதம். அதில் உயிருள்ள வைரசும் இல்லை. எனவே ஊசியால் நோய் தொற்றுவதற்கும் வழியில்லை.

தேவையில்லாத பரிசோதனைகள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நலமாக இருக்கும் ஒரு சிறுமிக்கு இத்தடுப்பூசி போடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. சிறுநீர்ப் பரிசோதனை தேவையில்லை. ஸ்கேன் தேவையில்லை. எச்.பி.வி. கிருமி இருக்கின்றதா என்று பார்க்கும் பரிசோதனையும் தேவையில்லை. எய்ட்ஸ் கிருமிக்கான சோதனையும் நிபந்தனை அன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளுறுப்புப் பரிசோதனை எதுவும் கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கருப்பை வாய்" என்ற சொல்லைக் கேட்டவுடன், தங்கள் மகளை எங்கே எப்படிப் பரிசோதிப்பார்களோ என்று பல தாய்மார்கள் மனத்துக்குள் கலங்குகின்றார்கள், கேட்கவும் கூச்சப்படுகின்றார்கள். பிள்ளைகளும் அதே கலக்கத்தில்தான் வரிசையில் நிற்கின்றார்கள். அப்படி எதுவும் இல்லை. மற்றத் தடுப்பூசிகளைப் போலவே இதுவும் மேற்கையில் போடப்படும் ஓர் ஊசி. சட்டைக் கையைச் சற்று மேலே தூக்கினால் போதும். இந்த ஒரு செய்தியை முந்தைய நாள் இரவே மகளிடம் சொல்லிவிட்டால், அவளது அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

மாதவிலக்கு நாள்களில் ஊசி போடலாமா என்றும் கேட்கின்றார்கள். தாராளமாகப் போடலாம். பூப்பெய்தாத பிள்ளைக்கும் போடலாம். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இரத்தச் சோகை உள்ள பிள்ளைகளுக்கும் இது தடை இல்லை. அவர்கள் வழக்கமாக எடுக்கும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

தேவையற்ற சோதனைகளால் கைப்பணம் கரைவதோடு காலமும் போய்விடுகின்றது. செர்வாவேக் தடுப்பூசியின் அனுமதிக் குறிப்பின்படி 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள்; 15 வயது முதல் 26 வயது வரை மூன்று ஊசிகள். சொந்தப் பணத்தில் போடும் குடும்பத்திற்கு ஓர் ஊசி கூடுவது சுமைதானே! உலக நலவாழ்வு நிறுவனமோ, இந்தியாவில் நடந்த ஆய்வு உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு, 9 முதல் 20 வயது வரையிலானோருக்கு ஒரே ஊசியும் போதுமானதாகலாம் என்று 2022ஆம் ஆண்டு கூறியது. எனவே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை ஊசி என்பதை மருத்துவரிடமோ அரசுத் திட்டச் செவிலியரிடமோ கேட்டு, அதன்படி முடிப்பதே நலம்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை

அப்படியானால் முன்பரிசோதனை என்று எதுவுமே இல்லையா? உண்டு. ஆனால், அது ஆய்வுக்கூடத்தில் நடப்பதில்லை. கேள்வியும் பதிலுமாக நடக்கின்றது. ஊசி போடுபவர் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும். அவர் அவசரத்தில் கேட்க மறந்தாலும், நாம் சொல்ல மறக்கக்கூடாது.

1. ஒவ்வாமை: இதற்கு முன் ஏதேனும் ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் ஏற்பட்டதுண்டா? ஈஸ்ட் பொருளுக்குக் கடும் ஒவ்வாமை உண்டா? இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதே தடுப்பூசியின் முதல் ஊசிக்கு அப்படி நேர்ந்திருந்தால் அடுத்த ஊசி போடக்கூடாது. தூசிக்குத் தும்முவது, கத்தரிக்காய் தின்றால் அரிப்பது போன்றவை தடை அல்ல.

2. அன்றைய உடல்நிலை: கடும் காய்ச்சல் இருந்தால், குணமான பின் போட்டுக்கொள்ளலாம். இலேசான சளி, இருமலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

3. நோய் எதிர்ப்புத் திறன்: எய்ட்ஸ் கிருமித் தொற்று, புற்றுநோய்ச் சிகிச்சை, மாற்று உறுப்பு, நீண்ட காலமாக ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றில் ஏதேனும் உண்டா? இருந்தாலும் ஊசி போடலாம்; அவர்களுக்குத்தான் பாதுகாப்பு இன்னும் அதிகமாகத் தேவை. ஆனால், அவர்களுக்கு ஒரே ஊசி போதாது. குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று. இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் குறைவான பாதுகாப்பே கிடைக்கும். அதே வேளையில், இத்தகைய செய்தியை வகுப்பறையில் நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாது. பெற்றோர் மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். அதைக் காப்பது அவரது கடமை.

4. இரத்தம் உறையாமை: சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் வழியும் நோய் உண்டா? இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கின்றாளா? அப்படியானால் மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, போட்ட இடத்தைச் சில நிமிடங்கள் தேய்க்காமல் அழுத்திப் பிடிப்பார்கள்.

5. மயக்கமும் வலிப்பும்: ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் பழக்கம் உண்டா? வலிப்பு நோய் உண்டா? இவை தடை அல்ல; ஆனால், முன்பே தெரிந்தால் படுக்க வைத்து ஊசி போடுவார்கள்.

6. கருவுற்றிருத்தல்: திருமணமான இளம்பெண்கள் போட்டுக்கொள்ளும்போது இது பொருந்தும். கருவுற்றிருந்தால் பேறுகாலம் முடியும்வரை தள்ளிவைப்பதே முறை. கருவுற்றது தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டாம். அதனால் தாய்க்கோ குழந்தைக்கோ தீங்கு நேர்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் அது தவறு. எஞ்சிய ஊசிகளை மட்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

7. முன்பு போட்டது: இத்தடுப்பூசி ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் எந்தப் பெயருள்ள ஊசி, எந்த நாள் என்பதைக் காட்டும் அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும்.

யார் பதில் சொல்வது?

மேற்கண்ட கேள்விகளை மறுமுறை படித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இவற்றிற்குப் பதில் தெரிந்தவர்கள் பெற்றோர் மட்டுமே. பள்ளித் தலைமையாசிரியருக்கோ விடுதிக் காப்பாளருக்கோ இவை தெரியா. இதை நம் நாடு ஒரு கசப்பான அனுபவத்தின் வழியாகக் கற்றுக்கொண்டது.

2009ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் ஏறத்தாழ 14 ஆயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பின்னர் இரு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளியாகிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அரசு அமைத்த விசாரணைக் குழு, அம்மரணங்கள் தடுப்பூசியால் நேர்ந்தவை அல்ல என்று கண்டது. நீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது போன்றவையும் அவற்றின் காரணங்களில் இருந்தன. ஆனால், மற்றோர் உண்மையும் வெளியே வந்தது. பல பிள்ளைகளின் ஒப்புதல் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2013ஆம் ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஊசியில் குறை இல்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்காததில்தான் குறை. அதன் விளைவாக மக்களின் நம்பிக்கை குலைந்து, இத்தடுப்பூசி நம் நாட்டுச் சிறுமியரைச் சென்றடைவது பல ஆண்டுகள் பின்தங்கியது.

இச்செய்தி நம்மையும் தொடுகின்றது. நம் மறைமாவட்டங்களில் அருள்சகோதரிகள் நடத்தும் பள்ளிகளும் விடுதிகளும் எத்தனையோ உள்ளன. தொலைவான ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாயின் இடத்தில் நிற்பவர்கள் இச்சகோதரிகளே. ஆயினும், அன்பு எவ்வளவு இருந்தாலும், மூன்று வயதில் ஓர் ஊசிக்குப் பிள்ளையின் முகம் வீங்கியது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, முகாமுக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குத் தமிழில் எழுதிய குறிப்பும் படிவமும் அனுப்புவது, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து விளக்குவது, அவர்களது ஒப்புதலைப் பெற்ற பின்னரே ஊசி போட அனுப்புவது ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். சிறுமிக்கும் அவளுக்குப் புரியும் விதத்தில் சொல்ல வேண்டும். அவளது உடல் அல்லவா!

ஊசி போடும் நாளில்

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இந்த ஊசியை அடுத்து வளரிளம் பிள்ளைகள் சிலர் மயங்கி விழுவதுண்டு. பெரும்பாலும் இது பயத்தாலும் பசியாலும் வருவது. மருந்தின் நச்சால் அன்று. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் பிள்ளையானால், அன்று காலையில் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு, வேறொரு நாள் ஒருசந்தி இருக்கட்டும். கை எளிதில் மேலேறும் தளர்வான உடை நல்லது.

ஊசி போட்ட பின் குறைந்தது 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உடனே எழுந்து ஓடி, மயங்கி, தலையில் அடிபடுவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. கடும் ஒவ்வாமை மிக மிக அரிது; ஏறத்தாழ பத்து இலட்சம் ஊசிகளுக்கு 2 பேருக்கும் குறைவு. அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். மருத்துவக் குழு அருகிலிருந்தால் உடனே சிகிச்சை தரலாம். கைவலி, சிறு வீக்கம், தலைவலி, இலேசான காய்ச்சல் ஆகியவை ஓரிரு நாளில் தாமே மறையும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு 2017ஆம் ஆண்டு, உலகெங்கும் 27 கோடி ஊசிகளுக்கு மேல் வழங்கப்பட்டிருந்த நிலையில் ஆராய்ந்து, இது மிகவும் பாதுகாப்பானது என்றே கூறியது. பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை.

தாய்க்கு எப்போது?

மகளின் ஊசிக்கு முன் பரிசோதனை தேவையில்லை என்றோம். ஆனால், அவளைக் கைப்பிடித்து அழைத்து வரும் தாய்க்குப் பரிசோதனை தேவை. இதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மகளுக்கு எல்லா டெஸ்டும் எடுக்க ஓடும் தாய், தனக்கென்று ஒருமுறைகூட ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறியிருக்க மாட்டார்.

30 வயதைக் கடந்த பெண்கள், நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும், கருப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்ணிறத் திட்டு தோன்றுகின்றதா என்று பார்க்கும் எளிய சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதன் பயனை உலகுக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டப் பெண்கள்தான். அங்கே 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே நடந்த பெரிய ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த இச்சோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. 2007ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு பல நாடுகளுக்கு வழிகாட்டியது.

தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் இரத்தம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகிய குறிகள் இருந்தால் வயதைப் பாராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்நிலையில் தடுப்பூசி மருந்தாகாது. தடுப்பூசி போட்டுக்கொண்ட மகளும் 30 வயதில் இப்பரிசோதனைக்கு வர வேண்டும். ஏனெனில், எல்லா வகை வைரசையும் இந்த ஊசி தடுப்பதில்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவோம். படிவம் வந்தால் உட்கார்ந்து முழுவதும் படிப்போம். பிள்ளையின் உடல்நிலையைப் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்வோம். தேவையில்லாத டெஸ்டுக்கு வைத்திருந்த பணத்தையும் நேரத்தையும், இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாத தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்குச் செலவிடுவோம். மகள் ஊசி போட்டுக்கொள்ளும் நாளே தாய் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளும் நாளாகவும் அமையட்டும்.